ரத்தம் நிக்க டெஸ்மோபிரெசின் (டிடிஏவிபி) மருந்து போட்டவங்க இருக்கீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

பல்லுபோனவன்:
எனக்கு வான் வில்லிபிராண்ட் டைப் 1, ரத்தம் ஒறைய வைக்குற புரதம் கம்மியா இருக்குற நோய். கடவாப்பல் புடுங்குறதுக்கு முன்னாடி டிடிஏவிபி ட்ரிப் ஏத்துனாங்க, மூஞ்சி குப்புனு செவந்துச்சு, அது நெறைய பேருக்கு ஆகுறதுதான். ரத்தமும் நின்னுச்சு. தண்ணி கம்மியா குடிங்கன்னு சொன்னாங்க, காதுல விழுந்துச்சு, ஆனா வாய் வறண்டு கெடந்ததுல பாட்டில் பாட்டிலா உள்ள தள்ளிட்டேன். ராத்திரி மண்டைய பொளக்குற வலி, வாந்தி. பொண்ணு பக்கத்துல நின்னு "அப்பா, என் பேரு என்ன சொல்லு"ங்கறா, எனக்கு வரல. ரத்தத்துல சோடியம் 119, ரொம்பக் கம்மி. இப்ப நல்லாருக்கேன், ஆனா அவ மூஞ்சி போன போக்கு இருக்கே, அது போகவே மாட்டேங்குது. ரத்தம் நிக்க குடுத்த மருந்துக்கும் தண்ணிக்கும் என்னய்யா சம்பந்தம்?

டைப்3அம்மா:
அண்ணா, அது வாசோபிரெசின் ஹார்மோனோட செயற்கை வடிவம். கிட்னில இந்த மருந்து ஒட்டுற எடமான வி2 ரிசெப்டர்தான் ரத்தக்குழாய் உள்சுவர் செல்லுலயும் இருக்கு. அங்க ஒட்டுனா செல்லுக்குள்ள பொட்டலமா கெடக்குற வான் வில்லிபிராண்ட் புரதம் வெளிய வரும், ரத்தம் ஒறைய வைக்குற இன்னொரு புரதமான ஃபேக்டர் 8ம் ஏறும். கிட்னில ஒட்டுனா தண்ணி வெளிய போகாம உள்ளயே தங்கிடும், சோடியம் நீத்துப் போகும். என் பையனுக்கு டைப் 3, அந்தப் புரதம் உடம்புல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அவனுக்கு டெஸ்ட் டோஸ் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. ரிப்போர்ட்ல நம்பர் துளி அசையல. டாக்டர் பேப்பர திருப்பித் திருப்பிப் பாத்துட்டு பேனாவ மூடி வெச்சாரு. கிடங்கே காலி, மருந்து எத எடுத்து வெளிய விடும்?

ஃபேக்டர்எட்டு:
கிடங்கு காலியா இல்லாதவனுக்கும் மருந்து ஏறாம போகும்மா, அத யாரும் சொல்றதில்ல. எனக்கு லேசான ஹீமோஃபிலியா ஏ, அதாவது ஃபேக்டர் 8 கம்மி, ஆபரேஷன் அன்னைக்கு லெவல் சூப்பரா ஏறுச்சு, மூணாவது டோஸுக்கு பாதி கூட ஏறல. அவ்வளவுதான் என் கதை. 1977லயே இத்தாலி டாக்டர் மன்னுச்சி டீம் பல்லு புடுங்குறப்ப இத போட்டுக் காட்டிட்டாங்க, நீங்க புதுசா பயப்பட ஒண்ணுமில்ல ப்ரோ, தப்பு மருந்து மேல இல்ல, பாட்டில் மேல. 24 மணி நேரம் தண்ணிய அளந்து குடிக்கணும். கூடவே ரத்தக்கட்டி கரையாம காக்குற டிரானெக்சாமிக் ஆசிட் கேளுங்க, ஏன்னா டெஸ்மோபிரெசின் ரத்தக்கட்டிய கரைக்குற டிபிஏங்குற புரதத்தையும் அவுத்து விடும். வான் வில்லிபிராண்ட் டைப் 2பின்னா டாக்டர கேக்காம தொடவே கூடாது, பிளேட்லெட் எறங்கும். அப்புறம் மூக்கு ஸ்ப்ரே வாங்குனா பாத்து வாங்குங்க, படுக்கைய நனைக்குறதுக்கு முன்னெல்லாம் குடுத்துட்டு இருந்தது ஒரு அடிக்கு 10 மைக்ரோகிராம், நமக்கானது 150.

பல்லுபோனவன்:
ஐயா, நான் ஸ்ப்ரே பத்தி கேக்கவே இல்லையே.