4:30 மணிக்கு எழுவது ஒத்துவரவில்லை, காலையை வேறு எப்படி அமைத்துக்கொள்வது?

கூடுவாஞ்சேரி அம்மா

வணக்கம். வயது 36. கூடுவாஞ்சேரியில் வீடு, கிண்டியில் வேலை, 7:40 மின்சார ரயிலை விட்டால் அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதம்தான். மகன் மூன்றாம் வகுப்பு, பள்ளி வேன் 7:15க்கு வரும். கணவருக்கு வாரம் மாறி வாரம் ஷிப்ட். இப்போது என் காலை இப்படித்தான் போகிறது: 6 மணிக்கு அலாரம், இரண்டு முறை தள்ளிப்போட்டு 6:20, கண் திறந்ததும் கையில் போன், அலுவலகக் குழுவில் யாரோ ராத்திரி போட்ட செய்தி, அதைப் படித்துக்கொண்டே குக்கரை வைத்து, மகனைக் கத்தி எழுப்பி, அவன் அழுது, நான் சாப்பிடாமல் ஓடி, ரயில் ஏறும்போதே நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்பு வந்துவிடுகிறது.

வீடியோக்களைப் பார்த்து 4:30க்கு எழ ஆரம்பித்தேன். தியானம், உடற்பயிற்சி, டைரி, புத்தகம் எல்லாம் அட்டவணை போட்டுச் செய்தேன். 19 நாள் ஓடியது. அப்புறம் ஒருநாள் ரயிலில் தூங்கிப்போய்க் கிண்டியைத் தாண்டி மாம்பலத்தில்தான் விழித்தேன், அன்றோடு நிறுத்திவிட்டேன். பெரிய சாதனை எதுவும் எனக்கு வேண்டாம். மகனிடம் கத்தாத ஒரு காலை வேண்டும், எனக்கென்று ஒரு கால் மணி நேரம் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

இரவுப்பணி செவிலியர்

அந்த 19 நாளும் ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? அதைச் சொல்லாமல் காலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கூடுவாஞ்சேரி அம்மா

11:30. சில நாள் 12 ஆகிவிடும். பாத்திரம் கழுவி முடிக்கவே 10:30, அதற்குப் பிறகு போன் பார்ப்பதுதான் எனக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு.

இரவுப்பணி செவிலியர்

அப்படியென்றால் 5 மணி நேரம்கூடத் தூங்கவில்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூங்கும்போதுதான் அது கரையும், முழுதும் கரையாமல் எழுந்தால் ரயிலில் தூக்கம் வரத்தான் செய்யும். உங்கள் மன உறுதியில் குறை எதுவும் இல்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

நான் சொல்வது இவ்வளவுதான். 4:30ஐ மறந்துவிடுங்கள். 10:30க்குப் படுத்து 5:40க்கு எழப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். உடனே முடியாது, மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளிக்கொண்டே வாருங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். காபியில் இருக்கும் கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

மாடித்தோட்டக்காரர்

எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள், தியானம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை முக்கியமாகத் திருப்பி வைப்பது கண்ணில் படும் வெளிச்சம்தான். அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ் தேறினால் அதிகம், சூரியன் கொஞ்சம் மேலே வந்துவிட்டால் மேகம் போட்ட நாளில்கூட மொட்டை மாடியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். காலையில் அந்த வெளிச்சம் பட்டால் ராத்திரி தூக்கமும் சீக்கிரம் வரும், அதனால் மேலே அவர் சொன்ன 10:30 உங்களுக்குத் தானாகவே கைகூடும்.

சென்னைப் பக்கம் ஜூனில் 5:45க்கே சூரியன் வந்துவிடுகிறது, ஜனவரியில் 6:30 ஆகிவிடும். மார்கழி, தையில் மாடிக்குப் போக நேரம் இல்லையென்றால், ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் கூரையை விட்டுத் தள்ளி வெயிலில் நில்லுங்கள், அதுவும் கணக்கில் சேரும். நான் செடிக்குத் தண்ணீர் விடுவதே இதற்காகத்தான், பத்து நிமிடம், போன் கீழேயே இருக்கும்.

இரண்டு பிள்ளைகளின் தாய்

சகோதரி, உங்கள் நிலைமையில்தான் நானும் இருந்தேன். வெளிச்சம், தூக்கம் எல்லாம் சரி, ஆனால் 6 மணிக்கு எழுந்து வெங்காயம் உரிக்கிற வீட்டில் மாடிக்கு எங்கே போவது? என் காலை மாறியது முந்தின நாள் ராத்திரியால்தான். நாளைக்கு என்ன குழம்பு, என்ன பொரியல் என்பதை ராத்திரி சாப்பிடும்போதே முடிவு பண்ணிவிடுவேன், காய் நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், யூனிஃபார்ம், சாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே நாற்காலியில் வந்துவிடும். காலையில் நம்மைக் களைப்பாக்குவதில் பாதி ‘அது எங்கே, இது எங்கே’ என்ற தேடல்தான். எங்கள் வீட்டில் அந்தத் தேடல் போனபிறகு கத்தலும் பெருமளவு போய்விட்டது.

இன்னொன்று, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணவர் பகல் ஷிப்டில் இருக்கும் வாரம் ராத்திரிப் பாத்திரம் அவருடையது என்று பேசி முடிவு செய்யுங்கள். 10:30 வரை ஒருத்தியே நின்று கழுவிக்கொண்டிருந்தால் எந்த அட்டவணையும் நிற்காது. மகனுக்கு எட்டு வயது இருக்குமே, பையை அவனே அடுக்கட்டும்.

போட்டித்தேர்வு மாணவன்

அக்கா, ஒரே நாளில் ஐந்து பழக்கத்தைத் தொடங்காதீர்கள், ஒன்று போதும். அந்த ஒன்றையும் ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். பாலை அடுப்பில் வைத்ததும் நான்கு முறை மூச்சை நிதானமாக இழுத்து விடுவது என்று வைத்துக்கொண்டால், தினமும் பாலே உங்களுக்கு ஞாபகப்படுத்திவிடும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை வித்தியாசம் இருந்தது, நடுவில் ஒருநாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. உங்கள் 19 நாள் ரொம்பக் குறைவு அக்கா, அதை வைத்து உங்களுக்கு வராது என்று முடிவு கட்டாதீர்கள்.

கூடுவாஞ்சேரி அம்மா

எல்லோருக்கும் நன்றி, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. இன்றைக்கே சார்ஜரை ஹாலுக்கு மாற்றிவிட்டேன், பீன்ஸ் நறுக்கியாகிவிட்டது. பாத்திரம் பற்றிக் கணவரிடம் பேசினேன், சரி என்றார். முதலில் மாடியில் பத்து நிமிடம், அது மட்டும். ஒரு சந்தேகம்: அவர் இரவு ஷிப்ட் முடித்துக் காலை 7 மணிக்கு வருவார், அந்த வெளிச்சம் அவர் தூக்கத்தைக் கெடுக்காதா?

இரவுப்பணி செவிலியர்

கெடுக்கும். ஷிப்ட் முடிந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டால் நல்லது, ஆனால் தூக்கக் கலக்கத்தோடு அவரே வண்டி ஓட்டி வருகிறார் என்றால் அது வேண்டாம், பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். படுக்கும் அறையின் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டுவிடுங்கள், அவர் போனை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகன் கிளம்பும் சத்தம்தான் பெரிய தொல்லையாக இருக்கும், அந்த வாரம் மட்டும் அவனை ஹாலில் வைத்துத் தயார் செய்யுங்கள்.