மொய்க் கவர் அனுபவங்கள்

சுங்கை_சிப்புட்_மணி:
மொய்க் கவர் கொடுத்த அனுபவம் கேட்டீர்கள். இங்கே மலேசியாவில் தீபாவளிக்குக் கவரில் பணம் வைத்துக் கொடுக்கிற அங்பாவ் பேச்சு வந்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து பெரியப்பா வந்திருந்த நேரம் எங்கள் டவுன் மளிகைக்கடைத் தவுக்கே (சீன முதலாளி) வீட்டில் கல்யாணம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டின காலத்தில் தொழிலாளர் லயத்துக்கே கடனுக்குச் சாமான் கொடுத்த குடும்பம், போகாமல் இருக்க முடியாது. பெரியப்பாவும் வேட்டி கட்டிக் கிளம்பிவிட்டார். வாசல் மேசையில் அவர் நீட்டியது வெள்ளைக் கவர், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, 101 வெள்ளி (ரிங்கிட்) என்று மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி! வெள்ளைக் கவர், ஒற்றைப்படைத் தொகை, சீனர்கள் இதைச் சாவு வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். மேசையிலிருந்த பெண் நீட்டின கையை அப்படியே நிறுத்திவிட்டாள். இவரோ, “நம்ம மொய்தாம்மா, வாங்கிக்க” என்று கவரை இன்னும் தள்ளுகிறார். பின்னால் வரிசை நிற்கிறது. தவுக்கே மகன் நன்றாகத் தமிழ் பேசுவான், ஓடி வந்து வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “அங்கிள், வாங்க சாப்பிடலாம்” என்று கூட்டிப்போனான். பையிலிருந்து மஞ்சள் மூலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

பீடோர்_செல்வி:
எனக்கு நேர்மாறு. பேராவூரணிப் பக்கம் ஆடி மாத மொய்விருந்து. இங்கே மாதிரி கவரை ஒட்டிக் கொடுத்தேன். மொய் எழுதுகிறவர் என் கண்ணெதிரே கிழித்து, எச்சில் தொட்டு எண்ணி, நோட்டில் ஏற்றிவிட்டு மைக்கில், “மலேசியா செல்வி, 5,000 ரூபாய்!” பந்தியே திரும்பிப் பார்த்தது. அந்தக் கிழிக்கிற சத்தம் இருக்கே!

தெலுக்_இந்தான்_ராஜு:
செல்வி, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? மொய்விருந்து வட்டியில்லாக் கடன் மாதிரி, வாங்கினவர் நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது, அதனால்தான் கணக்கு எல்லார் காதிலும் விழ வேண்டும். மணி, தப்பு உங்கள் பேரில்தான், வீட்டிலேயே கவரைப் பார்த்திருக்க வேண்டாமா? நானும் ஒரு சீன நண்பர் வீட்டுச் சாவுக்குச் சிவப்புக் கவரோடு கிளம்பினேன், காரிலேயே மனைவி பிடுங்கிவிட்டாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்: சீனர் கல்யாணத்துக்குச் சிவப்பு, மலாய்க்காரர்களின் ஹரி ராயா பெருநாளுக்குப் பச்சை, நம் தீபாவளிக்கு ஊதாவோ மஞ்சளோ. சீனர் கல்யாணத்துக்குத் தொகை இரட்டைப்படையாக இருக்கட்டும், ஆனால் 4 வேண்டாம். ஓட்டலில் விருந்து என்றால் ஒரு ஆள் சாப்பாட்டுக் காசுக்குக் குறையாமல் வையுங்கள். பெருநாள் சமயத்தில் பேங்கில் சும்மா கொடுக்கிற காலி அங்பாவ் பாக்கெட்டை வாங்கி காரில் போட்டு வைப்பது நல்லது, ஆனால் பேங்க் பேர் பெரிதாகப் போட்டதைக் கல்யாணத்துக்குக் கொடுக்காதீர்கள்.

சுங்கை_சிப்புட்_மணி:
அண்ணே, அனுபவம் கேட்டால் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். அவர் வேட்டி மடிப்பிலிருந்து கவரை எடுத்ததே மேசைக்கு முன்னால்தான். அப்புறம், 100 என்று முடித்தால் உறவே முடிந்த மாதிரி என்று சண்டைக்கு வருகிற மனுஷன் அவர். இரட்டைப்படை விஷயத்தை அவரிடம் நீங்களே வந்து பேசுங்கள், டிக்கெட் காசு நான் தருகிறேன்.