கிளாஸ்ல ஜெண்டர், பாலீர்ப்பு (யாருக்கு யார் மேல ஈர்ப்பு வரும்ங்கறது) பத்திப் பேசவே கூடாதா? உங்க ஸ்கூல்ல நடந்ததைச் சொல்லுங்க

நாங்க இருக்கறது ஃப்ளோரிடா. 2022 ஜூலைல இங்க "டோன்ட் சே கே"ன்னு சொல்ற சட்டம் வந்தப்ப என் பையன் செகண்ட் கிரேடு போக இருந்தான். கேஜில இருந்து தேர்ட் கிரேடு வரைக்கும் ஜெண்டர், பாலீர்ப்பு பத்தி பாடம் நடத்தக் கூடாது, மீறினா பெத்தவங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மேல கேஸ் போடலாம். அவன் கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு ரெண்டு அம்மா. வாரம் ஒரு பிள்ளை குடும்ப போட்டோ ஒட்டி சார்ட் பண்ணிட்டு வந்து எல்லாருக்கும் காட்டணும், அவ முறை வந்தப்ப டீச்சர் அவங்கம்மாவை கார் லைன்ல நிறுத்தி மெதுவா "அவ மட்டும் இருக்கற போட்டோ அனுப்ப முடியுமா"ன்னு கேட்டிருக்காங்க. டீச்சர் நல்லவங்கதான், வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். ஆனா ஏழு வயசுப் பிள்ளை வீட்டுப் போட்டோ எப்படிங்க பாடம் ஆகும்? எனக்கு இன்னும் மனசு ஆறல.

---

நான் 90கள்ல லண்டன்ல படிச்சனான், அப்ப இங்க செக்‌ஷன் 28 இருந்தது, 1988ல கொண்டு வந்த ஒரு சட்டம். உள்ளூராட்சி சபையள் ஓரினச்சேர்க்கையை ஊக்குவிக்கக் கூடாது எண்டுதான் அதில கிடந்தது, ஆனா டீச்சர்மார் தங்களுக்கெண்டே எழுதின மாதிரி வாயைப் பூட்டிட்டினம். எங்கட வகுப்பில ஒரு பெடியனை ஓரினச்சேர்க்கைக்காரன் எண்டு சொல்லிச் சொல்லியே அடிப்பாங்கள், சேர் பாத்துக்கொண்டு நிண்டிட்டு "சரி சரி வகுப்புக்குப் போங்கோ" எண்டுவார், ஏன் அடிக்கிறாங்கள் எண்டு ஒருக்காலும் கேக்கேல்ல. ஸ்கொட்லண்டில 2000லயும் இங்க 2003லயும்தான் அதை எடுத்தவை. அவன் அதுக்கு முதலே பள்ளிக்கூடத்தை விட்டிட்டான்.

---

மேல எழுதினவங்க சொன்ன அதே பயம்தான் இங்க ஃப்ளோரிடாலயும். 2023ல தடையை 12ஆம் கிரேடு வரைக்கும் நீட்டிட்டாங்க. ஆனா அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட கேஸ் 2024 மார்ச்ல செட்டில்மென்ட் ஆனப்ப தெளிவா வந்துடுச்சு, பாடமா நடத்தறதுக்குத்தான் தடை, பேச்சுல வர்றதுக்கு இல்ல, பிள்ளைங்க தன் குடும்பத்தைப் பத்தி எழுதலாம் பேசலாம், கேலி பண்றவங்களை டீச்சர் தட்டிக் கேக்கலாம். இது நிறைய டீச்சருங்களுக்கே தெரியல, நானே பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்கேன். உங்க ஸ்கூல்ல யாராவது போட்டோவை மாத்தச் சொன்னா வாய்ப்பேச்சோட விடாதீங்க, எந்த ரூல்ல அப்படி இருக்குன்னு ஈமெயில்ல கேளுங்க, எங்க ஸ்கூல்ல அப்படி எழுதிக் கேட்டதுக்கு அப்புறம்தான் சார்ட்டை அப்படியே மாட்டினாங்க.