புதுப்பிப்பு: ஜப்பான் வீட்டு எரிபொருள் மின்கலம், வெந்நீரைக் கணக்கில் விட்டுவிட்டேன்

போன இழையில் ஜப்பானின் எனே-ஃபார்ம் கருவி (வாயுவிலிருந்து வீட்டிலேயே மின்சாரமும் வெந்நீரும் தரும் எரிபொருள் மின்கலம்) 10 ஆண்டில் போட்ட காசை எடுத்துவிடும் என்று எழுதியிருந்தேன். அது தவறு. மின்சாரத்தின் மதிப்பை மட்டும் கூட்டினேன். எரிவாயுவின் விலையைக் கழிக்கவில்லை, வெந்நீரையும் சேர்க்கவில்லை. ஒரு நண்பர் சுட்டிக்காட்டியதும் மறுபடி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

700 வாட் கருவி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 8.4 யூனிட் மின்சாரம். வாயுவின் ஆற்றலில் 40 சதவீதம் மின்சாரமாகிறது என்றால் அதற்கு 21 யூனிட் அளவு வாயு வேண்டும். உதாரணத்துக்கு மின்சாரம் யூனிட் 30 யென், வாயு 12 யென் என்று வைப்போம். இரண்டு பக்கமும் 252 யென். மின்சாரத்தில் மிச்சம் ஒன்றுமே இல்லை!

அப்போ லாபம் எங்கே? வெந்நீர்த் தொட்டியில். வாயுவின் ஆற்றலில் பாதி வெப்பமாகக் கிடைத்தால் 10.5 யூனிட். சாதாரண கொதிகலனில் அதைச் சூடாக்க நாளுக்குச் சுமார் 140 யென் ஆகும், ஆண்டுக்கு 51,000. தினமும் தொட்டி நிறைய வெந்நீரில் குளிக்கும் ஜப்பானியக் குடும்பத்துக்கு இது உண்மையான பணம். தனியாக வசிப்பவருக்கு அந்த வெப்பம் வீண்.

2009-இல் விற்பனை தொடங்கியபோது விலை 30 லட்சம் யென்னுக்கு மேல். அரசு மானியம் அதிகபட்சம் 14 லட்சம். மானியமும், எப்படியும் வாங்க வேண்டியிருந்த சாதாரண கொதிகலனின் செலவும் போக 10 லட்சம் கைக்காசு என்றாலும் மீள 20 ஆண்டு ஆகும். தொடக்ககாலக் கருவிகளின் வடிவமைப்பு ஆயுளோ 10 ஆண்டுதான்.

சரி, பழைய இழையின் அட்டவணையை நீக்கிவிட்டேன். அதை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் மன்னிக்கவும்.