புதிய அட்டையைத் தொடங்க மூன்று நாள் தாமதமாகிவிட்டது: இப்போது என்ன செய்வது?

கேள்வி: அலமாரிச்சாவி
எனக்கு வயது 27. ஒன்றரை ஆண்டுகளாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரையை இரவு உணவுக்குப் பின் எடுத்து வருகிறேன். சென்ற புதன்கிழமை இரவோடு பழைய அட்டையின் 28 மாத்திரைகளும் முடிந்தன. வியாழன் இரவு புதிய அட்டையைத் தொடங்கியிருக்க வேண்டும்; ஆனால் தங்கையின் வளைகாப்புக்காக அன்று காலையே ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் அதை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். இன்று ஞாயிறு நண்பகல்தான் வீடு திரும்பினேன். வெள்ளி இரவு அங்கு வந்து சேர்ந்த கணவருடன் உறவு இருந்தது, ஆணுறை பயன்படுத்தவில்லை.

அட்டையின் கடைசி ஏழான இரும்புச்சத்து மாத்திரைகளை எடுத்த வாரத்தில் தீட்டு வழக்கம்போல் வந்துவிட்டதால், அட்டையின் நடுவில் விட்டால்தான் ஆபத்து, தொடக்கத்தில் தாமதமானால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். விட்ட மூன்றையும் சேர்த்து இன்றே விழுங்கிவிடும்படி அண்ணி சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர்
மூன்றையும் சேர்த்து விழுங்க வேண்டாம், அம்மா. குமட்டல்தான் மிஞ்சும், கழிந்துபோன நாள்களின் பாதுகாப்பு அதனால் திரும்பி வராது. புதிய அட்டையின் முதல் மாத்திரையை இப்போதே எடுத்துக்கொண்டு, அடுத்ததை இன்றிரவு வழக்கமான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு எடுப்பதால் கெடுதல் இல்லை. அதன்பின் தினமும் ஒன்று. அடுத்த ஞாயிறு முடியும்வரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம்.

உங்கள் கணிப்பு தலைகீழாக இருப்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலா-என் அட்டையில் 21 மாத்திரைகளில் மட்டுமே ஹார்மோன் உண்டு. நிறம் வேறான மற்ற 7-ம் வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளும் உங்கள் சினைப்பை ஹார்மோனின் பிடியிலிருந்து விடுபட்டு மெல்ல விழிக்கத் தொடங்கும். எட்டாம் நாள் புதிய அட்டை வந்து அதை மறுபடி உறங்க வைத்துவிடும் என்ற கணக்கில்தான் இந்த முறையே நிற்கிறது. நீங்கள் மூன்று நாள் தாமதித்ததால் அந்த ஏழு பத்தாகிவிட்டது. கருமுட்டை வளர்ந்து வெளிவர இதுவே போதுமானதாகிவிடலாம். ஆகவே, விடுவதற்கு மிக மோசமான இடம் அட்டையின் தொடக்கம். தீட்டு வந்ததைக் காப்பாகக் கொள்ளவும் முடியாது; அது வெள்ளிக்கிழமைக்கு முன்பு நடந்தது.

இனி அவசரமான செய்தி. வெள்ளி இரவு நடந்ததற்கு நாளை, அதாவது திங்கள் இரவுக்குள், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்றை எடுத்துவிடுங்கள். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லைதான்; எவ்வளவு முன்னதாக எடுக்கிறீர்களோ அவ்வளவு பலன். அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுமே தவிர, உருவான கருவைக் கலைப்பதில்லை. எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மீண்டும் ஒன்று எடுக்க வேண்டும். அதை எடுத்தாலும் மாலா-என்னை நிறுத்தக் கூடாது. மாத்திரையைவிட உறுதியான வழி, உறவு நடந்த ஐந்து நாளுக்குள், உங்களுக்குப் புதன் இரவுக்குள், கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பொருத்திக்கொள்வது. மறதி அடிக்கடி வருமென்றால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

பதில் 2: கோவைவாசி
தேவையில்லாமல் பயமுறுத்துவதாக எனக்குத் தோன்றுகிறது. போன ஆண்டு பத்தாவது மாத்திரையை ஒருநாள் மறந்து, மறுநாள் இரண்டாக எடுத்தேன். அவசர மாத்திரை எதுவும் எடுக்கவில்லை; ஒன்றும் ஆகவில்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற செவிலியர்
நீங்கள் செய்தது முற்றிலும் சரி, ஆனால் அது வேறு கணக்கு. ஒரே ஒரு மாத்திரை விட்டுப்போய், நினைவு வந்ததும் எடுத்துவிட்டால், இரண்டு ஒரே நேரத்தில் விழ நேர்ந்தாலும், வேறு காப்பு தேவையில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டால்தான் ஏழு நாள் ஆணுறை. அப்போதும் கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு முந்தையவற்றைக் கழித்துவிட வேண்டும். அப்படி விட்டது ஹார்மோன் மாத்திரைகளின் மூன்றாம் வாரத்தில் என்றால், மீதமுள்ளவற்றை முடித்ததும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தொடாமல் மறுநாளே புதிய அட்டையைப் பிரித்துவிடுங்கள். அந்த மாதம் தீட்டு வராமல் போகலாம். அதற்காகக் கலங்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை மறப்பதால் கருத்தடைக்கு எந்தக் குறையும் இல்லை. பலர் அதற்குத்தான் பதறிக்கொண்டு செவிலியரைத் தேடி வருவார்கள் என்பது வேடிக்கை.

பதில் 4: வாரமொருமுறை
இந்தக் கணக்கைச் சாயா என்ற கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். சாயா ஹார்மோன் மாத்திரை அன்று. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. நான் சென்ற மாதம் நான்கு நாள் தாமதித்தபோது, நினைவு வந்ததும் எடுத்து, வழக்கமான கிழமையிலேயே தொடர்ந்து, அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறை பயன்படுத்தச் சொன்னார்கள். ஏழு நாளுக்கு மேல் விட்டிருந்தால் புதிதாகச் சேர்பவரைப் போல, வாரம் இருமுறை என்று மறுபடி மூன்று மாதத்துக்குத் தொடங்க வேண்டுமாம்.

பதில் 5: அலமாரிச்சாவி
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். அவசர மாத்திரைக்காக மாலையில் மூன்று மருந்துக்கடைகள் ஏறி இறங்கினேன். இரண்டில் இல்லை, மூன்றாவதில், மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கக்கூடிய மருந்துக்குச் சீட்டு கேட்டு, உடன் வந்தவர் யார் என்றும் விசாரித்தார்கள். திருமணமாகி இரண்டு வயதுப் பிள்ளையும் உள்ள எனக்கே அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. இன்று காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தார்கள். அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினேன். இரண்டு மணி நேரம் கடந்தும் வாந்தி இல்லை. ஒருவேளை கரு தங்கியிருந்து, தெரியாமல் மாலா-என்னைத் தொடர்ந்தால் குழந்தைக்குக் கெடுதல் உண்டா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

பதில் 6: ஓய்வுபெற்ற செவிலியர்
தொடக்க நாள்களில் தெரியாமல் எடுத்ததால் குழந்தைக்கு ஊனம் வந்ததாகச் சான்று இல்லை. அந்த வெள்ளியிலிருந்து மூன்று வாரம் எண்ணி, காலைச் சிறுநீரில் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். பட்டையைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலே இலவசமாகக் கிடைக்கும். இடையில் சொட்டுச்சொட்டாக உதிரம் பட்டால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு அட்டையைக் கைப்பைக்குள்ளும் போட்டு வையுங்கள். வளைகாப்பைத் தொடர்ந்து பிரசவத்துக்கும் நீங்கள் ஊருக்குப் போகத்தானே வேண்டும்.