கனல்முளை, சுற்றுத் திணறல், பற்றுத் திணறல்: பழைய டீசல் காருக்குச் சில சொற்கள்

வணக்கம்.

பழைய டீசல் கார் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று ஓட்டுநர்களுக்கும் ஐடிஐ மாணவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு கையேடு தயாராகிறது. வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாத இந்தக் கோளாறுக்கு (hard starting) தமிழ்ச் சொல் கேட்டு நம் மடற்குழுவுக்கு வந்த மடலுக்குப் பதிலாகக் 'கடினத் தொடக்கம்', 'தொடக்கத் தடை' என்ற இரண்டும் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பாடம் கடினம், வேலை கடினம் என்போம். வண்டி கடினமாகத் தொடங்குகிறது என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. தடை என்றால் அடியோடு நின்றுபோனது என்று பொருள்படும். ஆனால் இந்த வண்டி நின்றுபோகவில்லை. பத்து விநாடி சுற்றி, இருமி, குலுங்கி, கடைசியில் கிளம்பிவிடும். அந்த நிலைக்கு மக்கள் வாயில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: 'வண்டி திணறுது'. அதனால் பொதுச்சொல்லாகத் 'தொடக்கத் திணறல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பொதுச்சொல்லோடு நிறுத்தினால் கையேட்டுக்குப் பயன் இல்லை. பட்டறையில் வண்டியை விட்டதும் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "செல்ஃப் நல்லா சுத்துதா?" என்பதுதான். செல்ஃப் என்றால் எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். சுற்றவில்லை என்றால் அது ஒரு வழி. சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் முற்றிலும் வேறு வழி. பேட்டரிக் கோளாறோடு வந்தவரின் காரில் டீசல் பம்பைக் கழற்றுவதும், காற்று புகுந்த குழாயோடு வந்தவருக்குப் புதுப் பேட்டரி மாட்டுவதும் இந்த இரண்டையும் பிரிக்காததால்தான் நடக்கின்றன. எனவே தொடக்கத் திணறலுக்குக் கீழே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன்: சுற்றுத் திணறல், பற்றுத் திணறல். எதுகை இருப்பதால் மாணவருக்கு மனத்தில் நிற்கும் என்பது கூடுதல் வசதி.

'பற்றல் தாமதம்' என்று வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பெயரை இதற்குக் கொடுத்துவிடக் கூடாது. டீசல் துளி அறைக்குள் பீச்சப்பட்ட கணத்துக்கும் அது தீப்பற்றும் கணத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. மில்லிவிநாடிக் கணக்கில் அளக்கப்படும் அந்த இடைவெளியைக் குறிக்கத்தான் பற்றல் தாமதம் வேண்டும். டீசல் எஞ்சினின் 'டக் டக்' சத்தத்துக்கே அதுதான் காரணம். எரிபொறியியல் பாடத்தில் அது அடிப்படைக் கருத்து. அதன் பெயரை எடுத்து ஒரு பழுதுக்கு வைத்தால் பின்னால் குழப்பம் வரும்.

சுற்றுத் திணறலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பேட்டரி, கேபிள் முனை, எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை, செல்ஃப் மோட்டார் என்ற வரிசைதான். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி சரியாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், சுற்றும்போதே பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றுத் திணறலே பற்றுத் திணறலைப் பெற்றெடுக்கும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டன் மெதுவாக ஏறினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும், காற்றில் ஒரு பங்கு ரிங் இடுக்கு வழியே கசிந்துவிடும். செல்ஃப் சுற்றத்தான் செய்தது என்பதால் ஓட்டுநர் பேட்டரியைச் சந்தேகிக்கவே மாட்டார்.

அடுத்து, பதில் எழுதிய ஐயா ஒருவர் glow plug என்பதற்கு, அதாவது எஞ்சின் பிடிக்கும் முன் எரியும் அறையைச் சூடாக்கும் உறுப்புக்கு, முன்வைத்த 'ஒளிர்செருகி'. பட்டறையில் இதற்கு ஹீட்டர் பிளக் என்று பெயர். சில இடங்களில் வெறும் ஹீட்டர். ஐயா, உங்கள் சொல்லில் இரண்டு உறுப்புகளிலுமே எனக்குத் தயக்கம் இருக்கிறது. அது ஒளிர்வது உண்மைதான். நுனி 800 பாகை செல்சியஸைத் தாண்டும்போது செக்கச்செவேல் என்று ஆகிறது. ஆனால் ஒளி அதன் வேலை அன்று, சூடுதான் வேலை. ஒளிர் என்று கேட்டால் மாணவருக்கு விளக்கு நினைவு வரும். டேஷ்போர்டில் சுருள் வடிவத்தில் எரியும் மஞ்சள் விளக்கு வேறு இருக்கிறதே, இரண்டும் ஒன்றோடொன்று குழம்பும். செருகி என்பதும் பொருந்தவில்லை. சுவரில் செருகும் பிளக்கைப் போல இதை இழுத்துப் பிடுங்க முடியாது. சிலிண்டர் ஹெட்டில் மரை போட்டுத் திருகி இறக்கியது. பல ஆண்டுகள் கரி படிந்து இறுகிப்போன பிளக்கை அவசரப்பட்டுத் திருகினால் உள்ளேயே ஒடிந்துவிடும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டிய நிலை வரலாம்.

நான் முன்வைப்பது 'கனல்முளை'. கனல் என்றால் சுவாலையும் பொறியும் இல்லாத, சிவந்த சூடு. அதுதான் இங்கே நடப்பது. முளை என்றால் அடித்து இறக்கிய சிறு கூர்ங்கட்டை. பென்சில் போல நீண்டு அறைக்குள் தலை நீட்டும் இதன் வடிவம் அதற்குப் பொருந்துகிறது. பெட்ரோல் வண்டியின் பிளக்கைப் பொறிமுளை என்று சொன்னால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும், வேறுபாடும் பெயரிலேயே தெரியும்: ஒன்று பொறி விடுவது, மற்றது கனல்வது. மெக்கானிக் சொல்லுக்கு நெருக்கமாகச் 'சூட்டுமுளை' என்றே வைக்கலாமே என்று நானும் யோசித்தேன். ஆனால் லாரிகளில் காற்று உள்ளே போகும் வழியிலேயே வைக்கும் ஹீட்டர் தனியாக ஒன்று உண்டு. சூடாக்கி என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்பது நல்லது.

இந்தச் சொல்லின் மீது இவ்வளவு நேரம் செலவழிக்கக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஓடிய பழைய டீசல் கார்கள் பெரும்பாலும் மறைமுகமாகப் பீச்சும் எஞ்சின் கொண்டவை. அம்பாசடர் டீசலின் 1489 சிசி எஞ்சின் அப்படி, 1998-இல் வந்த டாடா இண்டிகாவின் 1405 சிசி எஞ்சினும் அப்படித்தான். இவற்றில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழாது. ஹெட்டில் குடைந்த சிறு முன்னறைக்குள் பீச்சப்பட்டு, அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்குள் பாயும். 1909-இல் ஜெர்மனியில் பென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பிராஸ்பர் லோராஞ்ச் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. எஞ்சின் ஓட்டம் மென்மையாகும். பதிலுக்கு, முன்னறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடும். குளிர்ந்த எஞ்சினில் இறுக்கிய காற்றின் சூடு மட்டும் போதாது. அதனால்தான் சென்னை வெயிலில்கூட இவற்றுக்குக் கனல்முளை தேவைப்படுகிறது.

சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள நான்கு கனல்முளைகளில் ஒன்று செத்தால் சமவெளியில் பெரிதாகத் தெரியாது. மே மாதம் முழுக்க முதல் சாவியிலேயே பிடிக்கும் வண்டி, டிசம்பரில் ஊட்டிக்குப் போய் ஒரு ராத்திரி நின்றால் காலையில் மானத்தை வாங்கிவிடும். இரண்டு செத்த வண்டி பிடித்த பிறகும் ஒரு நிமிடம் குலுங்கிக்கொண்டு வெண்புகை தள்ளும். சோதிப்பது எளிது. முளைகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் தலைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே ஓம் அளவு பார்க்க வேண்டும். நல்ல முளை ஓர் ஓம் அளவிலோ அதற்குக் கீழோ காட்டும். முடிவிலி காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. நான்கும் நன்றாக இருந்தும் சூடேறவில்லை என்றால் ரிலேயையும் பட்டை ஃபியூஸையும் பார்க்க வேண்டும். அந்த மஞ்சள் விளக்கைக் 'கனல்விளக்கு' என்று சொல்லலாம். அது அணையும்வரை சாவியைத் திருகாமல் பொறுத்திருங்கள் என்ற ஒரு வரி கையேட்டில் இருந்தாலே பாதிப் பேருக்குப் போதும்.

பற்றுத் திணறலில் அடுத்த கேள்வி புகை. செல்ஃப் சுற்றும்போது சைலன்சரில் வெண்புகை வருகிறதா? வந்தால், அதில் பச்சை டீசல் நாற்றம் அடித்தால், டீசல் உள்ளே போகிறது, பற்றத்தான் இல்லை. கனல்முளை, பீச்சும் நேரம், சிலிண்டரின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. இங்கே 'வெண்புகைத் திணறல்', 'புகையிலாத் திணறல்' என்று இரண்டு உட்பிரிவு வைக்கலாம் என்று நினைக்கிறேன். சொல் நீளம்தான், ஆனால் நோயைப் பெயரிலேயே சொல்லிவிடும்.

புகையிலாத் திணறலில் நிறையப் பேரை அலையவிடுவது காற்று. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் எங்கோ ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் வெடித்திருக்கும். டீசல் வெளியே சொட்டவே சொட்டாது, ஏனென்றால் ஓடும்போது அங்கே உறிஞ்சல்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்க நிற்கும்போது அந்த வழியே காற்று நுழைய, டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் வெகுநேரம் சுற்ற வேண்டும். பகலில் எத்தனை தடவை நிறுத்தினாலும் உடனே பிடிக்கும். பம்புக்கு முன்னால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஒரு சாண் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதை 'ஏர் எடுக்கிறது' என்று பட்டறையில் சொல்வார்கள். அதைக் 'காற்றெடுப்பு' என்றே எழுதலாம். 'வளிநீக்கம்' என்ற பரிந்துரையும் வந்திருந்தது. வளி வேண்டாம் என்பது என் கருத்து. கிரீஸ் கையோடு படிப்பவர் ஒரு கணம்கூட நின்று யோசிக்கக் கூடாது.

சாவி போட்டதும் பம்பின் மேல் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டின் சத்தம் அது. மின்சாரம் வந்தால் திறக்கும், போனால் மூடிக்கொள்ளும். இதற்கு 'மின்மடை' என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஏரியில் நீரைத் திறந்து மூடுவதற்கு நாம் பல நூற்றாண்டாக வைத்திருக்கும் சொல் மடை. வால்வு என்று வரும் இடமெல்லாம் அதைப் போடச் சொல்லவில்லை. திறப்பதும் மூடுவதுமான இரண்டே நிலை உள்ள இந்த உறுப்புக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

காலையில் நன்றாகப் பிடித்து, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மட்டும் மறுக்கிற வண்டிகளும் உண்டு. சுழல்வகைப் பம்பு தேய்ந்துபோனதன் அறிகுறி அது. சூட்டில் டீசல் நீர்த்துவிடும். தேய்ந்த இடைவெளி வழியே பம்புக்குள்ளேயே கசிந்து, பீச்சத் தேவையான அழுத்தம் எழாது. ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு ஆறவிட்டுச் சாவி திருகினால் பிடிக்கிறது என்றால் சந்தேகம் பெரும்பாலும் உறுதி. இதற்குச் 'சூட்டுத் திணறல்', காலை நேரத்து வகைக்குக் 'குளிர் திணறல்'. இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் பெயரும் வேறாக வேண்டும்.

கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டிய எச்சரிக்கை ஒன்று. பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று வடிகட்டியின் வாயில் காட்டுவதும், ஈதர் தெளிப்பதும் வழக்கமாகவே ஆகிவிட்டது. கனல்முளை உள்ள எஞ்சினில் இது ஆபத்து. சிவந்திருக்கும் முளையில் பட்டு ஈதர் நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டனின் ரிங் விளிம்பு உடையும், ஆளுக்கும் தீக்காயம் படலாம். இதற்குத் தமிழில் பெயர் வைக்கவே வேண்டாம், செய்யாதீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும்.

பீச்சி என்ற சொல்லை இன்ஜெக்டருக்கு வைப்பதில் சிலர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். பால் பீச்சுகிறோம். மெல்லிய துளை வழியே அழுத்தத்தோடு வருவதுதான் பீச்சல். தெளிப்பான் என்றால் வயலில் மருந்தடிக்கும் கருவி. நான் பீச்சியின் பக்கம்.

கடைசியாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை இறுக்குவது. 'அமுக்கம்' என்று எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அழுத்தம் என்று வருவதற்கு இலங்கைப் பாடநூலில் அமுக்கம் என்று பெயர். அமுக்க விகிதம் என்று எழுதினால் யாழ்ப்பாணத்து மாணவர் அதை வேறு அளவாக எடுத்துக்கொள்வார். 'நெருக்கல்' என்று வைத்தால் இரு கரையிலும் சிக்கல் வராது. ஒலியலைப் பாடத்தில் நெருக்கம், நெகிழ்வு என்று நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆக, நெருக்கல் விகிதம், நெருக்கல் சோதனை. இந்தச் சோதனையை வரிசையில் கடைசியாக வையுங்கள். கனல்முளையையோ பீச்சியையோ கழற்றித்தான் மீட்டரை மாட்ட முடியும், பெட்ரோல் எஞ்சினுக்கான மீட்டர் இந்த அழுத்தத்தைத் தாங்காது. பேட்டரி, கனல்முளை, காற்று, மின்மடை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் அதற்குப் போக வேண்டும்.

மீந்த டீசலை டேங்குக்குத் திருப்பும் குழாய்க்கு ஐயா கொடுத்த 'மீள்குழாய்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். மற்றவற்றுக்கு இந்த வாரக் கடைசிக்குள் மறுப்பு வராவிட்டால் கையேட்டின் முதல் அத்தியாயத்தில் இந்தச் சொற்களையே போட்டு, பட்டறைச் சொல்லையும் பக்கத்திலேயே வைத்து அனுப்புகிறேன்.