‘தி இன்னர் லைட்’: காமின் ஊரார் ஏன் வெளியேறவில்லை?

மன்னார்குடி வாசகர்: ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் 1992இல் ஒளிபரப்பான இப்பகுதியில், விண்கலத் தலைவர் பிக்கார்டு சுமார் 25 நிமிட மயக்கத்தில், முன்பே அழிந்துபோன ஒரு கோளின் குடிமகன் காமினாக ஒரு முழு வாழ்நாளையும் வாழ்ந்து முடிக்கிறார். தம் கோளுக்கு அழிவு வருவதை அறிந்த பிறகும் அக்கோளின் மக்கள் ஏன் வேறு கோளுக்குக் குடிபெயரவில்லை?

திருத்துறைப்பூண்டி வாசகர்: அவர்களால் ஏவ முடிந்தது ஆளில்லாச் சிறு விண்கலம் மட்டுமே, ஐயா. உயிர்களைக் காக்க இயலாததால், பிக்கார்டை மயக்கத்தில் ஆழ்த்திய அக்கலத்தில் தம் வாழ்வின் நினைவைக் காத்தார்கள்.

தஞ்சை வாசகி: மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படாமல், குறுவை பொய்த்து, கடைமடை வயல்கள் வெடித்துக் கிடந்த ஆண்டுகளை அறிந்த நமக்கு, வறட்சி வெறும் மழைக்குறைவு அன்று என்பதைக் காமினின் மகள் மண்ணை ஆராய்ந்து தானே கண்டறியும் காட்சிதான் இப்பகுதியின் உச்சம், எல்லோரும் புகழும் புல்லாங்குழல் காட்சியைவிட அதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

மன்னார்குடி வாசகர்: நன்றி, அம்மா. 1993இல் இப்பகுதிக்கு, அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது முற்றிலும் பொருத்தமே.